கிண்ணத்தில் நாலு தையல்

இது நடந்தது. செவ்வாய், புதன் என்று அடுத்தடுத்து இரண்டு ராத்திரி, என் வீட்டுக் கூடத்தில், நான் முழித்திருக்கும்போதே நடந்தது.

"உனக்குக் கண் சரியில்லை" என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். எனக்கு மூக்குக் கண்ணாடிக் கடை. இருபத்தாறு வருடமாக ஊரார் கண்ணில் விளக்கடித்து, "எத்தனை எழுத்து தெரியுது? இப்போ? இப்போ?" என்று கேட்டுப் பிழைக்கிறவன். எனக்கே எண்ணத் தெரியாது என்று பரவினால் கடையை இழுத்து மூட வேண்டியதுதான்.

அப்படித்தான் பரவியிருக்கிறது. பரப்பியதும் நான்தான். அதைக் கடைசியில் சொல்கிறேன்.

சிலருக்குக் குடி, சிலருக்குச் சீட்டு, எனக்குப் பழைய பீங்கான். ஏலத்துக்கு ஏலம் போய் உட்கார்ந்து, நம்பர் அட்டையைத் தூக்கித் தூக்கித் தோள்பட்டை இறங்கிப்போனவன். என் நம்பர் அறுபத்து மூன்று. பதினோரு வருடமாக அதே நம்பர். பழம்பொருள் சேர்க்கிறவனுக்கு ஆசையைவிடச் சந்தேகம்தான் அதிகம். விற்கிறவன் சிரித்தால் போலி என்று தோன்றும். சிரிக்காவிட்டால், போலி என்று அவனுக்கே தெரிந்திருக்கிறது என்று தோன்றும். நான் இந்த வியாதியில் முற்றிய கேஸ்.

ஏலத்துக்கு முந்தின நாள், சனிக்கிழமை, பொருட்களைக் கையில் எடுத்துப் பார்க்க விடுவார்கள். அன்றைக்குத்தான் அந்தக் கிண்ணத்தைப் பார்த்தேன். வெள்ளையில் நீலக் கோடு. உள்ளே அடியில் ஒற்றை மீன். இரண்டு கை சேர்த்துக் குவித்தால் எவ்வளவோ, அவ்வளவு பெரிது. உடைந்து, தைக்கப்பட்ட கிண்ணம்.

பீங்கானைத் தைப்பதா என்று கேட்பீர்கள். நல்ல பசை வராத காலத்தில் அப்படித்தான். விரிசலுக்கு இந்தப் பக்கம் ஒரு பொடித் துளை, அந்தப் பக்கம் ஒரு பொடித் துளை. ஸ்டேப்ளர் பின் மாதிரி ஒரு குட்டிப் பித்தளைக் கொக்கியை இரண்டிலும் இறக்கிவிட்டால் பிடித்துக்கொள்ளும். அதைத்தான் தையல் என்போம். அதற்கென்றே ஆட்கள் வீடு வீடாக வருவார்களாம்.

நகத்தால் விளிம்பைத் தட்டினேன். எங்கள் கூட்டத்துக்கே உள்ள பழக்கம். முழுப் பீங்கான் என்றால் மணி மாதிரி ஒலிக்கும். இது "டொக்" என்றது. கேட்டலாக் ஓரத்தில் பென்சிலால் எழுதிக்கொண்டேன். "4 தையல். சத்தம் மந்தம்."

"எண்ணிட்டீங்களா சார்?"

திரும்பினேன். பஞ்சு. ஏலக் கூடத்தில் பொருட்களைக் கட்டி அனுப்புகிறவர். அவர் கை பட்டால் கண்ணாடிகூடச் சத்தம் போடாது, அதனால் அந்தப் பெயர். ஐம்பத்தெட்டு வயது. இன்னும் இரண்டு வருடம் ஓட்டினால் ஓய்வு.

"எண்ணிட்டேன். நாலு."

"சத்தமா எண்ணுங்க சார். என் முன்னாடி."

"எதுக்கு?"

"எண்ணுங்களேன்."

எண்ணினேன். அவரும் கூடவே உதட்டை அசைத்து எண்ணினார். அவர் நெற்றியில் வேர்வை. இந்த ஆளுக்கு என்ன வந்தது என்று மனதுக்குள் ஒரு முடிச்சுப் போட்டு வைத்துக்கொண்டேன்.

ஞாயிறு ஏலத்தில் கிண்ணம் எனக்கு விழுந்தது. எதிர்த்துக் கேட்க ஆளே இல்லை. நான் என் சாமர்த்தியம் என்று நினைத்தேன்.

செவ்வாய், சாயங்காலம் 6:20. பார்சல் வந்தது.

பெட்டியைப் பார்த்ததுமே சுருக்கென்றது. டேப் கோணலாக இருந்தது. ஒரு டேப்பின் மேல் இன்னொரு டேப். பஞ்சு அப்படி ஒட்டுகிற ஆள் இல்லை. திறந்து மூடியிருக்கிறான். மாற்றிவிட்டான். அன்றைக்கு நெற்றியில் வேர்த்தது இதற்குத்தான். பெட்டியைப் பிரிப்பதற்குள் அவரை மனதுக்குள் ஜெயிலுக்கே அனுப்பிவிட்டேன்.

கடைசிக் காகிதத்தைப் பிரிக்கும்போது உள்ளே ஒரு சின்னச் சத்தம். டிக்.

எண்ணினேன்.

ஐந்து.

கடையில் இருக்கிற பூதக்கண்ணாடியைக் கொண்டுவந்து எண்ணினேன். ஐந்தாவதும் மற்ற நாலைப் போலவே கறுத்துப்போய், பச்சை பூத்து, நூறு வருடம் அங்கேயே இருந்தது போல இருந்தது.

6:45-க்கு ஏலக் கூடத்து மேனேஜர் அம்மாவுக்குப் போன்.

"நீங்க பார்த்த கிண்ணம் இல்லைன்னு உறுதியா சொல்றீங்களா?"

"கேட்டலாக்ல எழுதி வச்சிருக்கேன் மேடம். நாலுன்னு."

"பஞ்சு மேல இது மூணாவது கம்ப்ளெயின்ட். நான் வர்றதுக்கு முந்தி ரெண்டு ஃபைல்ல இருக்கு. வியாழக்கிழமை பத்து மணிக்கு நானே வரேன். நீங்க எழுதிக் கொடுத்தா அன்னிக்கே அவரை வீட்டுக்கு அனுப்பிடறேன். பென்ஷனும் கிடையாது."

போனை வைத்தபோது கொஞ்சம் சங்கடமாகத்தான் இருந்தது. ஆனால் பென்சிலில் எழுதியது எழுதியதுதானே.

கிண்ணத்தைக் கூடத்து அலமாரியில் வைத்துப் பூட்டினேன். சாவியை ஆணியில் மாட்டினேன்.

ராத்திரி 9:30-க்குப் பார்க்கிறேன், சாவி ஆணியில் இல்லை. ஃப்ரிட்ஜ் மேல் கிடந்தது.

வீட்டில் நானும் மனைவியும் மட்டும். அவளுக்கு என் பீங்கான்கள்மேல் பாசம் கிடையாது. "தூசி தட்ட நான், பேர் வாங்க நீங்க" என்பாள். எடுத்துப் பார்த்திருக்கிறாள். கை தவறியிருக்கிறது. சொல்லாமல் வைத்துவிட்டாள். கேட்கவில்லை. நினைத்துக்கொண்டே படுத்தேன்.

2:40. முழிப்பு வந்தது.

டிக்.

அதற்கப்புறம்... கிர்ர்... கிர்ர்... கிர்ர்...

எலி என்றுதான் முதலில் நினைத்தேன். ஆனால் எலி இவ்வளவு நிதானமாகப் பிராண்டாது. போய், நிறுத்தி, திரும்பி வந்தது அந்தச் சத்தம். வேலை தெரிந்த சத்தம்.

பன்னிரண்டு நிமிடம். நின்றது.

எழுந்து போய் அலமாரியைத் திறந்தேன்.

ஆறு.

"என்னங்க பண்றீங்க, இந்நேரத்துல?" கூடத்து வாசலில் மனைவி.

"சாவியை எடுத்தியா?"

"ஆமா."

"கிண்ணத்தைத் தொட்டியா?"

"தொட்டேன். அதுக்கென்ன?"

"கீழ போட்டியா?"

அவள் என்னையே பார்த்தாள். "இருபத்திமூணு வருஷத்துல உங்ககிட்ட நான் ஒரு பொய் சொல்லியிருக்கேனா?"

"அது வேற விஷயம்..."

"ஒரே விஷயம்தான்." தலையணையை எடுத்துக்கொண்டு அடுத்த அறைக்குப் போனாள். கதவைச் சாத்திய சத்தம்கூட வரவில்லை. அதுதான் பயமாக இருந்தது.

காலையில் கிண்ணத்தை எடுத்தபோது பார்த்தேன். அடியில் நாலாக மடித்த ஒரு கம்பளித் துண்டு. அவளுடைய பழைய நீல ஸ்வெட்டரின் கை. அலமாரிப் பலகை கரடுமுரடு, கிண்ணம் உராயும் என்று வெட்டி வைத்திருக்கிறாள். சாவி அதற்குத்தான்.

நான் எப்பேர்ப்பட்ட கழுதை என்று எனக்கே தெரிந்தது. ஆனால் மன்னிப்புக் கேட்பதற்குள் அவள் வேலைக்குக் கிளம்பிவிட்டாள்.

புதன், மத்தியானம் 12:15. கடைக்குப் போன் வந்தது.

"சார், பஞ்சு பேசறேன்."

"எங்கிட்ட ஏன் பேசறீங்க? மேடம்கிட்ட பேசுங்க."

"கோணல் டேப்பு நான்தான் சார் ஒட்டினேன். கட்டி முடிச்சுட்டு மறுபடி பிரிச்சு எண்ணிப் பார்த்தேன். நாலுதான் இருந்துச்சு. கை நடுங்கிப் போச்சு, அதான் கோணல்."

"ஏன் நடுங்கணும்?"

"இப்ப எத்தனை சார்?"

"அதை மேடம்கிட்ட சொல்லிக்கறேன்."

"அதுக்கு எதிர்ல உக்காராதீங்க சார். அது மட்டும் வேண்டாம்." வைத்துவிட்டார்.

வேண்டாம் என்று ஒருவர் சொன்னால் எனக்கு ஒன்றுதான் தோன்றும். ஏதோ மறைக்கிறார்.

அன்று ராத்திரி அதற்கு எதிரில்தான் உட்கார்ந்தேன்.

ஏற்பாடெல்லாம் பலமாகச் செய்தேன். கூடத்துக் கதவு, ஜன்னல் எல்லாம் தாழ். கிண்ணத்தைத் தரையில், நடுவில், அந்த நீலக் கம்பளி மேல் வைத்தேன். தரையிலிருந்து அது கீழே விழ முடியாதே. சுற்றி முகப் பவுடரை அகலமான வட்டமாக, இடைவெளி விடாமல் தூவினேன். ஒரு டப்பா காலி. துப்பறியும் நிபுணர் மாதிரி நினைத்துக்கொண்டேன். கண்ணாடியில் பார்த்தால் பிட்டு அவிக்கக் கிளம்பினவன் மாதிரி இருந்தேன். வட்டத்துக்கு வெளியே சுவரில் சாய்ந்து உட்கார்ந்தேன். மனைவி அடுத்த அறையில். இன்னும் பேச்சு வார்த்தை இல்லை.

1:10. தெருவில் ஒரு வண்டி போனது. அதுதான் கடைசி வண்டி.

1:55. ஃப்ரிட்ஜ் உறுமி அடங்கியது.

2:20. எண்ணினேன். ஆறு. மறுபடி எண்ணினேன். ஆறு.

2:38. தூக்கம் கண்ணைக் கட்டியது. முழித்திருக்க எதையாவது யோசித்தேன். எனக்கு யோசனை என்றால் சந்தேகம்தான். பஞ்சு. ஏன் சத்தமாக எண்ணச் சொன்னான்? எதிரில் உட்காராதே என்று ஏன் சொன்னான்? மெதுவாக விரியும்படி ஏதோ தடவியிருக்கிறான். பழைய கொக்கிகளைப் பூசி மறைத்து, பூச்சு ஒவ்வொன்றாக உதிரும்படி... ஆமாம். அதேதான். மாட்டினான்...

2:40.

டிக்.

என் கண்ணெதிரே, விளிம்பில் ஒரு கோடு. முடி இழை மாதிரி. மெதுவாக இறங்கியது. மீனின் கண் வரை வந்து நின்றது.

கிர்ர்... கிர்ர்...

கை இல்லை. கருவி இல்லை. கோட்டுக்கு இந்தப் பக்கம் ஒரு புள்ளி. அதிலிருந்து வெள்ளைப் பொடி. ஒரு சிட்டிகை.

கிர்ர்... கிர்ர்...

அந்தப் பக்கம் ஒரு புள்ளி. இன்னொரு சிட்டிகை.

எழுந்திருக்க நினைத்தேன். சுவரில் கையை ஊன்றினேன்.

கிண்ணம் தானாகத் திரும்பியது. யாரோ மடியில் வைத்துப் பதம் பார்ப்பது போல. கால் சுற்று. அரைச் சுற்று.

கொக்கி இருந்தது. எப்போது வந்தது என்று தெரியவில்லை. இருந்தது.

அப்புறம் நகச் சத்தம். ஒவ்வொரு தையலாக.

டொக்.

டொக்.

டொக்.

எண்ணிக் காட்டுகிறது. எனக்கு.

நாலு... ஐந்து... ஆறு...

ஏழு.

நின்றது.

என் மூக்குக் கண்ணாடி மங்கியது. ஆவி. என் மூச்சாக இருக்கும் என்று நினைத்தேன்.

இல்லை.

என் மூச்சு பட்டால் உள்பக்கம் மங்கும். இது என் தொழில். எனக்குத் தெரியும்.

மங்கியது வெளிப்பக்கம்.

யாரோ... மிகக் கிட்டத்தில்... என் முகத்தைப் பார்த்துக்கொண்டு...

வலது கண்ணாடி மேல்.

டிக்.

*

எப்போது விடிந்தது என்று தெரியாது. பவுடர் வட்டத்தின் ஓரம் கலையாமல் இருந்தது. உள்ளே போன தடம் இல்லை. வெளியே வந்த தடம் இல்லை. ஆனால் வட்டத்துக்குள், கிண்ணத்துக்கு அந்தப் பக்கம், சம்மணம் போட்டு ஒரு ஆள் உட்கார்ந்து எழுந்தால் தரையில் எவ்வளவு இடம் பிடிக்குமோ, அவ்வளவு இடம் பவுடர் அழுந்தியிருந்தது. என்னைப் பார்த்த திசையில்.

என் கண்ணாடியில் வலது பக்கம் மெல்லிய கீறல். கழற்றி டப்பாவில் போட்டேன். கடைக்காரனிடம் வேறு கண்ணாடிக்கா பஞ்சம்.

மேனேஜர் அம்மா வர இன்னும் இரண்டு மணி நேரம். உட்கார்ந்து யோசித்தேன். எழுதிக் கொடுத்தால் பஞ்சு தெருவுக்குப் போவார். பேய் என்று சொன்னால் என்னை அனுப்பவேண்டிய இடத்துக்கு அனுப்புவார்கள், பஞ்சு அப்போதும் தெருவுக்குத்தான் போவார்.

ரப்பரை எடுத்தேன். கேட்டலாக் ஓரத்தில் இருந்த 4-ஐ அழித்தேன். 7 என்று எழுதினேன்.

பத்து மணிக்கு வந்தார். பார்த்தார். எண்ணினார்.

"ஏழு இருக்கே. எழுதி வச்சது நாலு, வந்தது அஞ்சுன்னுதானே சொன்னீங்க?"

"தப்பா எண்ணிட்டேன் மேடம், எழுதினதையும் தப்பா படிச்சுட்டேன். முதல்லேர்ந்தே ஏழுதான். இதோ எழுதியிருக்கேன் பாருங்க."

கேட்டலாக்கைப் பார்த்தார். அழித்த தடத்தையும் பார்த்தார் என்றுதான் நினைக்கிறேன்.

"உங்க தொழில் என்ன சொன்னீங்க?"

"கண் பரிசோதனை."

அவர் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் தேவலை. "முப்பத்தொரு வருஷம் வேலை செஞ்ச மனுஷனை நான் இன்னிக்கு அனுப்பியிருப்பேன், உங்க ஒரு வார்த்தைக்காக. நம்பர் அட்டையைக் கொடுத்துடுங்க. இனிமே எங்க கூடத்துக்கு வரவேண்டாம்."

அறுபத்து மூன்றைக் கொடுத்தேன். பதினோரு வருடம். கையை விட்டுப் போகும்போது அட்டை இவ்வளவு லேசா என்று இருந்தது.

மனைவி சமையலறையிலிருந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள். அவர் போனதும் வந்து, "அந்த மனுஷனுக்காகப் பொய் சொன்னீங்களா?" என்றாள்.

"ம்."

"எங்கிட்ட சாரி சொல்ல வாய் வரலை, ஊருக்குப் பொய் சொல்ல வருதா?"

சொன்னேன். மூன்று தடவை சொல்ல வைத்தாள். நீலக் கம்பளிக்கு நாலாவது தடவை. அப்புறம்தான் காபி.

சனிக்கிழமை, கடை சாத்துகிற நேரம். பஞ்சு வந்தார். நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தார்.

"நன்றி சொல்ல வந்தேன் சார். மேடம் எல்லாம் சொன்னாங்க."

"அந்த ரெண்டு பழைய கம்ப்ளெயின்ட்டும்..."

"இதே கிண்ணம்தான். ஏலத்துல அதுக்குப் போட்ட நம்பர் மட்டும் வேற. முதல்ல எங்ககிட்ட வந்தப்ப ரெண்டு தையல். வாங்கினவர் மூணுன்னு திருப்பினார். அடுத்தவர் நாலுன்னு. அவங்களும் நான் மாத்திட்டேன்னுதான் சொன்னாங்க."

"யாரோடது அது?"

"ஒரு பெரிய வீடு. அந்த வீட்டு மருமக கொண்டுவந்து கொடுத்தாங்க. அவங்கதான் சொன்னாங்க. அந்தக் காலத்துல பீங்கான் தைக்கிற ஒருத்தரைக் கூப்பிட்டுக் கிண்ணத்துக்கு ஒரே ஒரு தையல் போடச் சொன்னாங்களாம். போட்டுக் கொடுத்தாரு. வீட்டுப் பெரியவர் பார்த்துட்டு, இது என் கிண்ணம் இல்லை, நீ மாத்திட்டேன்னாராம். அந்த ஆள் அழுதாராம். விடிஞ்சா போலீஸ்னு ஒரு ரூம்ல போட்டுப் பூட்டினாங்க, கிண்ணத்தோட. ஜன்னல் இல்லாத ரூம் சார்."

"அப்புறம்?"

"விடிஞ்சு திறந்தா ஆளு இல்லை. கிண்ணத்துல ரெண்டு தையல்."

கடைக்கு வெளியே யாரோ ஷட்டரை இழுத்தார்கள். நான் துள்ளிவிட்டேன்.

"பெரியவர் விடலை. கிண்ணத்துக்கு எதிர்லயே உக்காந்து காவல் காத்தாராம். அன்னியோட அந்த வீட்டுல கிண்ணத்துல தையல் விழறது நின்னுடுச்சு. அவர் மூக்குக் கண்ணாடில விழுந்துச்சாம்."

நான் மேசை இழுப்பறையைத் திறந்தேன். டப்பாவிலிருந்து என் பழைய கண்ணாடியை எடுத்துப் பூதக்கண்ணாடிக்கு அடியில் வைத்தேன்.

கீறலின் குறுக்கே, எறும்புக் காலைவிடச் சின்னதாக, ஒரு பித்தளைக் கொக்கி. கறுத்து, பச்சை பூத்திருந்தது.

கண்ணாடியில் அவ்வளவு சின்னத் துளை போட எந்த இயந்திரமும் நான் பார்த்ததில்லை. இருபத்தாறு வருடத்தில்.

பஞ்சு அதைப் பார்க்கவே இல்லை. பார்க்க வேண்டிய அவசியம் அவருக்கு இல்லை போல.

"அவருக்குக் கடைசியில என்ன ஆச்சு?"

"தலைவலின்னு ஆஸ்பத்திரிக்குப் போனாராம். எக்ஸ்-ரே எடுத்தாங்க." காதுக்கு மேலே விரலை வைத்துக் காட்டினார். "மண்டை ஓட்டுல ஒரு கொக்கி. எந்தக் காலத்துல ஆபரேஷன் பண்ணிக்கிட்டீங்கன்னு டாக்டர் கேட்டாராம். அவருக்கு ஆபரேஷனே நடந்ததில்லை சார்."

அவர் போனபிறகு ஷட்டரை இறக்கினேன். பூட்டும்போது, ஒரே ஒரு நொடி... சத்தியமாக ஒரு நொடிதான்... தோன்றியது.

இந்த ஆள் கதை விடுகிறாரோ?

அன்று ராத்திரி. 2:40.

டிக்.

எழுந்து ஓடினேன். கிண்ணத்தை எண்ணினேன். ஏழு. பழைய கண்ணாடியைப் பார்த்தேன். ஒன்றுதான். புதுக் கண்ணாடியைப் பார்த்தேன். ஒன்றும் இல்லை.

அப்பாடா என்று வந்து கட்டிலில் உட்கார்ந்தேன்.

மனைவி விளக்கைப் போட்டிருந்தாள். முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"உனக்கும் கேட்டுச்சா?"

"ம்."

"கூடத்துல ஒண்ணும் இல்லை. எண்ணிட்டேன்."

"கூடத்துலேர்ந்து வரலைங்க." என் தலையணையைக் காட்டினாள்.

தலை வைத்திருந்த இடத்தில் வெள்ளைப் பொடி.

இரண்டு சிட்டிகை.